ரோமின் தரைக்குக் கீழே ஒரு டாக்டர்

ரோமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்கள். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம், சிஸ்டைன் சேப்பலின் கூரை எல்லாம் மேலேதான் இருக்கு. கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்க வேண்டியவைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் இரண்டுமே 16-ம் நூற்றாண்டு வேலை. கிறிஸ்தவம் பிறந்து ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து, கையில் காசும் அதிகாரமும் இருந்த காலத்தில் கட்டியவை.

கையில் ஒன்றுமே இல்லாத காலத்தில் அவர்கள் எப்படி இருந்தார்கள்? அதைப் பார்க்கணும்னா படி இறங்கணும்.

ஒரு மருத்துவ மாநாட்டுக்காக ரோம் போயிருந்தபோது இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் நான் தரைக்குக் கீழேதான் இருந்தேன். அங்கே பார்த்ததையும், ஒரு டாக்டராக எனக்குள் ஓடியதையும் சொல்றேன். நீளமான த்ரெட். நைட் டியூட்டியில் இருப்பவர்கள் விட்டு விட்டுப் படிக்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களுக்கு இன்று நாம் "சர்ச்" என்று சொல்லும் கோபுரமும் மணியும் கிடையாது. வீடுகளில் கூடினார்கள். கி.பி. 313-ல் கான்ஸ்டன்டைன் சட்ட அங்கீகாரம் தந்த பிறகுதான் பெரிய பசிலிக்காக்கள் எழுந்தன.

அதற்கு முன்னால் ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது? பாலடைன் குன்றில் உள்ள மியூசியத்துக்கு வாங்க. அங்கே ஒரு சுவர்ப்பூச்சுத் துண்டு இருக்கு. சுமார் கி.பி. 200-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். அரண்மனை வேலைக்குப் பையன்களைப் பழக்கிய கட்டடத்தின் சுவரில் யாரோ கூரான ஒன்றால் கீறியது.

சிலுவையில் ஒரு ஆள் தொங்குகிறான். தலை மட்டும் கழுதைத் தலை. கீழே ஒரு பையன் கையை உயர்த்தி வணங்குகிறான். பக்கத்தில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது: அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான்.

நம்ம ஊர் ஸ்கூல் பெஞ்சில் காம்பஸால் கிறுக்குவோமே, அதே கிண்டல்தான்.

உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிலுவைக் காட்சிகளில் இதுவும் ஒன்று. அது பக்தர் வரைந்தது கிடையாது, கேலி செய்தவன் வரைந்தது. அந்தக் கட்டடத்தின் வேறொரு அறையில் லத்தீனில் இன்னொரு கிறுக்கல் கிடைத்தது: "அலெக்ஸாமெனோஸ் விசுவாசமானவன்". அந்தப் பையனே பதில் எழுதினானா, நண்பன் எவனாவது எழுதினானா, யாரும் சொல்ல முடியாது. பேரைத் தவிர அவனைப் பற்றி வேறு எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்து சான் கிளெமென்டே. கொலோசியத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

தெரு மட்டத்தில் இருப்பது 12-ம் நூற்றாண்டுத் தேவாலயம். தங்கமாக மின்னும் மொசைக். நிறைய பேர் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 1857-ல் ஜோசப் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி இந்தத் தரைக்குக் கீழே தோண்ட ஆரம்பித்தார். கீழே முழுசாக இன்னொரு தேவாலயம் வந்தது. 4-ம் நூற்றாண்டு. அதற்கும் கீழே தோண்டினால் கி.பி. முதல் நூற்றாண்டின் ரோம். கட்டடங்கள், நடுவில் ஒரு குறுகலான சந்து.

டிக்கெட் வாங்கிக்கொண்டு நீங்களும் அந்தச் சந்தில் நடக்கலாம். எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சந்தின் மறுபக்கம் மித்ரா என்ற தெய்வத்தின் கோயில். குகை மாதிரி வளைந்த கூரை, இருபுறமும் திண்ணை, நடுவே காளையைக் கொல்லும் மித்ராவின் சிற்பம். கிறிஸ்தவம் மாதிரியே அன்றைய ரோமில் பரவிக்கொண்டிருந்த இன்னொரு நம்பிக்கை. 4-ம் நூற்றாண்டின் இறுதியில் பழைய வழிபாடுகளுக்குப் பேரரசர்கள் தடைபோட, அதுவும் அடங்கிப்போனது. தேவாலயம் அதன் தலைக்கு மேலே நீண்டது. ஒரு காலத்தில் கழுதைத் தலை வரைந்து கேலி செய்யப்பட்டவர்களின் கைக்கு இப்போது அதிகாரம் வந்திருந்தது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

சரி, அந்த "வீட்டுச் சபை" எப்படித்தான் இருந்திருக்கும்? ரோமில் அப்படி ஒன்று முழுசாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கிடைக்கவில்லை. கிடைத்த இடம் சிரியா. யூப்ரடீஸ் கரையில் துரா-யூரோபோஸ் என்ற எல்லைக் கோட்டை நகரம்.

அங்கே ஒரு சாதாரண முற்றம் வைத்த வீடு. சுமார் கி.பி. 232-ல் அதை மாற்றியமைத்திருக்கிறார்கள். இரண்டு அறைக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடம் ஆக்கினார்கள். அறுபது எழுபது பேர் உட்காரலாம். இன்னொரு சின்ன அறையை ஞானஸ்நான அறையாக்கி, சுவரில் படம் வரைந்தார்கள். அதே மதிலையொட்டிக் கொஞ்ச தூரத்தில் யூதர்களின் ஜெப ஆலயம், மித்ரா கோயில் எல்லாம் இருந்தன.

கி.பி. 256 வாக்கில் பாரசீகர்கள் முற்றுகையிட்டார்கள். மதிலைப் பலப்படுத்த ரோமானிய வீரர்கள் அந்த வரிசை வீடுகளுக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். ஊர் விழுந்தது. மண் மூடிய சுவர்கள் மட்டும் பிழைத்தன. யூதர் ஆலயம், கிறிஸ்தவர் வீடு இரண்டையும் காப்பாற்றியது அதே மண்தான்.

1930-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் தோண்டி எடுத்தார்கள். அந்த ஓவியங்கள் இன்று அமெரிக்காவில், யேல் கலைக்கூடத்தில் இருக்கின்றன. சிரிய உள்நாட்டுப் போரில் அந்த இடத்தைக் கொள்ளையர்கள் குழி குழியாகத் தோண்டிவிட்டார்கள்.

அந்தச் சுவரில் என்ன வரைந்திருந்தார்கள்? இயேசுவின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று அங்கே இருக்கு. தாடி கிடையாது, ஒளிவட்டம் கிடையாது. கீழே கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். பக்கத்திலேயே அதே ஆள் கட்டிலை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். திமிர்வாதக்காரரைக் குணமாக்கிய கதை. பிஃபோர், ஆஃப்டர் இரண்டும் ஒரே ஃபிரேமில்!

இதை மனசில் வைத்துக்கொண்டு மறுபடி ரோமுக்கு வாங்க. ஆப்பியா சாலைக்கு. கேட்டகோம்ப்ஸ் என்கிற நிலத்தடிக் கல்லறைகள் இங்கேதான்.

கிறிஸ்தவர்கள் அங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அது கட்டுக்கதை. நகரத்துக்குள் புதைக்கக் கூடாது என்பது பழைய ரோமானியச் சட்டம். அதனால் ஊருக்கு வெளியே சாலையோரம் புதைத்தார்கள். அங்கே அடியில் இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். ஆகவே கீழ் நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும். 258-ல் பிஷப் இரண்டாம் சிக்ஸ்துஸைக் கல்லறைத் தோட்டத்திலேயே பிடித்துக் கொன்றார்களே!

கலிஸ்துஸ் கல்லறைச் சுரங்கங்கள் மட்டும் மொத்தம் 20 கிலோமீட்டர் நீளம் என்கிறார்கள். இதை நிர்வகித்த கலிஸ்துஸ் ஒரு முன்னாள் அடிமை. பிறகு அவரே ரோமின் பிஷப் ஆனார்.

இருபுறமும் ரயில் பெர்த் மாதிரி அடுக்கடுக்காகக் குழிகள். ஒரு உடல் வைக்கும் அளவு. ஓடு அல்லது பளிங்குப் பலகை வைத்து மூடியிருப்பார்கள். கையில் காசு இல்லாதவர்கள் அடையாளத்துக்கு ஈரச் சுண்ணாம்பில் ஒரு நாணயமோ கண்ணாடித் துண்டோ பொம்மையோ பதித்திருக்கிறார்கள்.

கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு லத்தீன் சொல் "டெபோசிதுஸ்". நம்ம பேங்க் டெபாசிட் இருக்கே, அதே வேர்ச்சொல். கொடுத்து வைத்தது. திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒப்படைத்தது. இன்றைக்கு உலகமே பயன்படுத்தும் "செமட்டரி" என்ற சொல்லும் தூங்கும் இடம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அங்கே நடக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது குழிகளின் நீளத்தை. நிறைய குழிகள் ஒரு முழம், ஒன்றரை முழம்தான் இருக்கும். அத்தனையும் குழந்தைகள். சில பலகைகளில் வயதை இத்தனை வருஷம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் வார்டு கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதுகிற மாதிரி. நாள் கணக்கு வரைக்கும் யார் எண்ணி வைத்திருப்பார்கள்? பெற்றவர்கள்தான்.

அந்தக் குழிகளுக்கு மேலே, கூரையில், சுவரில் என்ன வரைந்தார்கள் என்று பாருங்க. ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர். மீன் வயிற்றிலிருந்து தப்பிய யோனா. கல்லறையிலிருந்து எழும் லாசர். கட்டிலைச் சுமந்து நடக்கும் அதே திமிர்வாதக்காரர். சிலுவையில் தொங்கும் இயேசுவை இங்கே காண முடியாது. தேவாலயத்தில் பொதுமக்கள் பார்வையில் அந்தக் காட்சி வந்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சிகளில் ஒன்று சான்டா சபினாவின் மரக்கதவு. அது 5-ம் நூற்றாண்டு.

மார்செல்லினுஸ், பேதுரு பெயரிலான கல்லறையில் ஒரு ஓவியம் இருக்கு. ஒரு பெண் குனிந்து, முன்னால் போகும் இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொடுகிறாள். பன்னிரண்டு வருஷம் ரத்தப்போக்கு. தமிழ் பைபிள் "பெரும்பாடு" என்று சொல்லும். சித்த மருத்துவத்திலும் அதே சொல்தான். பன்னிரண்டு வருஷப் பெரும்பாடு என்றால் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்திருக்கும்? படி ஏறினாலே மூச்சு வாங்கியிருக்கும்.

இந்தக் கதையைச் சொல்லும் மாற்கு, அவள் பல வைத்தியர்களிடம் போய்ச் சொத்தையெல்லாம் இழந்து, நோய் இன்னும் மோசமானது என்று எழுதுகிறார். லூக்கா அதே கதையில் வைத்தியர்கள் மீதான அந்தக் குற்றச்சாட்டைக் குறைத்துவிடுகிறார். மரபுப்படி லூக்கா ஒரு டாக்டர். நம்மாளு, விட்டுக்கொடுக்கலை!

சிரிப்பைத் தள்ளி வைத்துவிட்டு யோசிங்க. செத்தவர்களைச் சுற்றி ஏன் நோயாளிகளின் படம்?

2003-க்குப் பிறகு அதே மார்செல்லினுஸ், பேதுரு கல்லறையில் சில அறைகள் வெளிப்பட்டன. உள்ளே நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் அடுக்கடுக்காக. வெட்டுக்காயம் எதுவும் இல்லை. கொள்ளைநோயாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ரோமப் பேரரசு அந்தக் காலத்தில் இரண்டு பெரும் கொள்ளைநோய்களைப் பார்த்தது. ஒன்று கி.பி. 165 வாக்கில், பெரியம்மையாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அடுத்தது 249 வாக்கில். கார்தேஜ் பிஷப் சிப்ரியான் அறிகுறிகளை எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், ரத்தச் சிவப்பான கண்கள், அழுகும் கைகால், போகும் பார்வை. படித்தால் ஒரு ரவுண்ட்ஸ் நோட் மாதிரியே இருக்கும்.

அலெக்சாண்ட்ரியா பிஷப் தியோனீசியுஸின் ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் நோயாளிகளை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள், அதனாலேயே நோய் தொற்றிச் செத்தார்கள், மற்றவர்கள் நோய் கண்டதும் தூக்கித் தெருவில் போட்டார்கள் என்கிறார்.

பிஷப் தன் கூட்டத்தைப் புகழத்தான் செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே எதிரியின் சாட்சியைப் பார்ப்போம். பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களை மீட்க நினைத்தவர். 362 வாக்கில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார்: அந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமில்லாமல் நம் ஏழைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள், நமக்கு வெட்கக்கேடு, நீங்களும் ஊர் ஊராக விடுதி கட்டுங்கள் என்று.

251-ல் ரோம் பிஷப் கொர்னேலியுஸ் தந்த கணக்கும் இருக்கு. ரோம் சபை அப்போது 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஆதரவற்றவர்களையும் பராமரித்துக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒரு பெரிய கட்டடம்கூட இல்லாத காலத்தில்!

இதில் மருத்துவம் எங்கே இருக்கு? ரோட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 1996-ல் ஒரு வாதம் வைத்தார். மருந்தே இல்லாவிட்டாலும் தண்ணீர், கஞ்சி, சுத்தம், பக்கத்தில் ஒரு ஆள் இவை கிடைத்தாலே இறப்பு கணிசமாகக் குறையும் என்று. எண்ணிக்கையில் அவரோடு சண்டை போடலாம். ஆனால் அடிப்படை சரி. வயிற்றுப்போக்கு நோயாளி தானே எழுந்து தண்ணீர் எடுக்க முடியாதபோது, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பவர்தான் ஐ.சி.யூ. நாம் உப்பு சர்க்கரைக் கரைசலால் எத்தனை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறோம்!

கடைசி இடம். ரோமன் ஃபோரத்தை ஒட்டிய புனித கோஸ்மாஸ், தமியான் தேவாலயம். 526-530 காலத்தில் நான்காம் பெலிக்ஸ் என்ற போப் ஒரு பழைய ரோமானிய மண்டபத்தைத் தேவாலயமாக மாற்றினார். கோஸ்மாஸும் தமியானும் இரட்டையர், டாக்டர்கள். கிரேக்கத்தில் அவர்களுக்கு "வெள்ளிக்காசு வாங்காதவர்கள்" என்று பட்டப்பெயர். இறந்தவர் ஒருவரின் காலை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. திசு ஒவ்வாமை தெரிந்த நாம் சிரிக்கலாம். ஆனால் அது அந்தக் காலத்தின் கனவு.

அந்த மண்டபம் முன்பு எதன் பகுதி தெரியுமா? அமைதித் தெய்வத்தின் ஆலய வளாகம். 2-ம் நூற்றாண்டில் அறிஞர்கள் கூடிப் பேசிய இடம். அங்கே வந்து போனவர்களில் ஒருவர் கேலன். ஆயிரம் வருஷத்துக்கு மேல் மருத்துவ உலகை ஆண்ட கேலன்! அவர் தன் நூல்களையும் மருந்துகளையும் வைத்திருந்த கிடங்கு பக்கத்திலேயே இருந்தது. கி.பி. 192 தீவிபத்தில் எல்லாம் எரிந்துபோனது. அதே பகுதியில்தான் ரோமின் மிளகுக் கிடங்கும் இருந்தது. மிளகு எங்கிருந்து போனது? சேரநாட்டுக் கரையிலிருந்து. முசிறியில் கப்பல் ஏறிய மூட்டைகள் வந்து இறங்கிய தெரு அது.

கேலன் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, இவர்கள் நிரூபணம் கேட்காமல் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்கிறார்கள். இது குறை. இன்னொன்று, சாவுக்கு அஞ்சாததிலும் தன்னடக்கத்திலும் உண்மையான தத்துவவாதிகளுக்கு இவர்களில் சிலர் சளைத்தவர்கள் இல்லை. இது மரியாதை. அரபு மொழி வழியாக நமக்கு வந்து சேர்ந்த குறிப்பு.

எனக்குப் பிடித்த டாக்டர் இவர். ஆதாரம் எங்கே என்று கேட்கிறார். ஆனால் கண்ணெதிரே கண்டதை மறைக்கவில்லை.

இன்னொரு தகவல். 166-ல் கொள்ளைநோய் ரோமை நெருங்கிய அதே சமயத்தில் கேலன் ரோமை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். வேறு காரணம் சொல்கிறார். பிறகு பேரரசர் அழைத்துத் திரும்பி வந்தார், நோயாளிகளைப் பார்த்தார், அறிகுறிகளைப் பதிவும் செய்தார். அவரைக் குற்றம் சொல்ல நான் யார்? ஓடத் தோன்றாத டாக்டர் உலகில் யாரும் இல்லை.

அந்தத் தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு 2021 மே மாதம் ஞாபகம் வந்தது. ஆக்ஸிஜன் படுக்கைக்காக வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. எங்கள் வார்டில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா. ஒரு நாள் மதியம், கவச உடைக்குள் வியர்த்து ஊற்ற, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்போ எதுக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"சாயந்திரம் வீடியோ கால்ல பேத்தி பார்க்கும்ல சார்" என்றார்.

பாட்டி மறுநாள் இறந்துபோனார். பேத்தி பார்த்த கடைசி முகம் தலை வாரிய முகம். அந்த அக்கா எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிற, ஆஸ்பத்திரியில் ஆதாரம் கேட்கிற ஆள் நான். இந்த இரண்டும் எனக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். ரோமின் பாதாளத்தில் அந்தச் சண்டை தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. எந்த மருந்தைக் கொடுக்கணும் என்பதில் எனக்கு கேலனின் கேள்வி வேணும், ஆதாரம் எங்கே என்ற கேள்வி. மருந்து தீர்ந்த பிறகும் படுக்கைப் பக்கத்திலேயே நிற்கணுமா என்பதற்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பதில் இல்லை. அதற்கு மனுஷனுக்கு வேறு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. அந்தச் சுரங்கத்து மக்கள் அதை விசுவாசம் என்று அழைத்தார்கள். அந்த அக்கா அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை.

நீங்கள் ரோம் போனால் இந்த வரிசையில் பாருங்க. பாலடைன் மியூசியம், சான் கிளெமென்டே, கோஸ்மாஸ் தமியான், மூன்றும் ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். மறுநாள் ஆப்பியா சாலைக் கல்லறைகள். வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், போட்டோ எடுக்க முடியாது. வெயில் காலத்திலும் உள்ளே குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கோங்க.

உள்ளே வழிகாட்டி அவசரப்படுத்துவார். பரவாயில்லை. ஒரு முழ நீளக் குழி ஏதாவது ஒன்றின் முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டு வாங்க.